கிண்டில் திரை உடைஞ்சு போச்சா? புதுசு ஆர்டர் பண்ணும் முன் இதைப் பாருங்க!

தாம்பரத்தில் ரயில் ஏறி, கிண்டி வருவதற்குள் பத்துப் பக்கமாவது படித்துவிட வேண்டும். அந்த ஆசையில் பையைத் திறந்து கிண்டிலை எடுத்தால், திரையின் மேல்பாதியில் நேற்றுப் படித்த வரிகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. கீழ்ப்பாதி முழுக்கக் கோடுகள். தடவிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ‘கீழேயே போடலையே, எப்படி உடைஞ்சுது?’

வில்லன் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த டிபன் பாக்ஸ்தான். கிண்டிலில் இருப்பது ‘இ-இங்க்’ திரை. தலைமுடி பருமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் பாயும்போது ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை என்பதால்தான், ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. உடைந்த பிறகும் பழைய பக்கம் மறையாமல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

இந்தப் படலத்துக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. கூட்டத்தில் பை நசுங்கினால் விரிசல் உள்ளேதான் விழும்.

பதற்றப்படும் முன் ஒரு சோதனை. பவர் பட்டனை 40 விநாடி விடாமல் அழுத்துங்கள். வெறுமனே ஹேங் ஆகியிருந்தால் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதற்குப் பிறகும் அதே இடத்தில் கோடுகள் இருந்தால், திரை போயே போச்சு.

காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் எங்கும் போகவில்லை. அவை அமேசான் கணக்கில் இருக்கின்றன. போனில் கிண்டில் ஆப் திறந்தால், விட்ட பக்கத்திலிருந்தே தொடரலாம். ஆபத்தில் இருப்பது வேறு: கேபிள் வழியாக நீங்களே ஏற்றிய புத்தகங்களும், அவற்றில் கோடிட்டு வைத்த வரிகளும். இந்த ஹைலைட்டுகள் கருவிக்குள்ளேயே ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில்தான் கிடக்கும். திரை செத்தாலும் நினைவகம் சாகவில்லை. பாஸ்கோடு போடாமல் இருந்தால், கணினியில் இணைத்து ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரிலிருந்து அதை காப்பி செய்துகொள்ள வாய்ப்பு அதிகம். பழைய கிண்டிலை யாரிடமும் கொடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். ஐந்து வருஷ வாசிப்பு அதில் இருக்கலாம்.

சரி, ரிப்பேரா, புதுசா? ஒரு வருட வாரன்ட்டி இருந்தாலும், நசுங்கி உடைந்ததற்கு அது பொருந்தாது. ரிச்சி தெருவில் விசாரித்தால் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் கிடைக்கலாம். ஆனால் பேப்பர்ஒயிட் போன்ற மாடல்களில் திரையும் வெளிச்சம் தரும் அடுக்கும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. பிரித்து ஒட்டிய பிறகு, தண்ணீர் பட்டாலும் தாங்கும் என்ற உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். திரை, கூலி இரண்டும் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் ரிப்பேர் வேண்டாம். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த 7 இன்ச் பேப்பர்ஒயிட்டின் அறிமுக விலை 16,999 ரூபாய். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘இந்தத் தடவை வேற பிராண்ட் பார்க்கலாமே’ என்று தோன்றும். தோன்றுவது நியாயமே. கோபோ நிறுவனம் 2024-ல் ஐஃபிக்ஸிட்டுடன் கைகோத்து, சில மாடல்களுக்கு உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் வழிகாட்டிகளையும் கிடைக்கச் செய்தது. ஆனால் கிண்டிலில் வாங்கிய புத்தகங்கள் பூட்டோடு வருபவை, அங்கே திறக்காது. வாங்கிய புத்தகங்களைக் கணினியில் இறக்கி கேபிளில் ஏற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26-ல் நிறுத்திவிட்டது. ஐம்பது புத்தகம் வாங்கியவருக்கு மாறுவது நஷ்டம். இலவச இபப் கோப்புகளையே அதிகம் படிப்பவருக்கு எந்தக் கருவியும் ஒன்றுதான். கிண்டிலும் 2022 முதல் ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக இபப் ஏற்கிறது. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தக பிடிஎஃப்தான் உங்கள் தேவை என்றால், 6 இன்ச் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அதற்கு டேப்லெட்டே மேல்.

புதியது வந்ததும் பழையதை அமேசான் தளத்தில் உங்கள் கணக்கிலிருந்து டீரெஜிஸ்டர் செய்துவிடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். அப்புறம், கெட்டியான அட்டை கவர் ஒன்று. டிபன் பாக்ஸுக்குத் தனிப் பை.