நிற்கும் வண்டியின் பேட்டரி

பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போனால், தார்ப்பாயோ பழைய சேலையோ போர்த்திய மோட்டார் சைக்கிள்கள் வீட்டு வாசலோரம் நிற்பதைப் பார்க்கலாம். வண்டிக்காரர் வளைகுடா நாட்டில் வேலையில் இருப்பார். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்ததும் போர்வையை உருவி, தூசி தட்டி, செல்ஃபை அமுக்குவார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குமேல் ஒன்றும் இருக்காது. மறுநாள் புது பேட்டரி வாங்குவார்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டு அவர் விமானம் ஏறுவார். அடுத்த விடுமுறைக்குள் அந்தப் பேட்டரியும் போயிருக்கும். முழுசாக ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத பேட்டரி எப்படித் தேய்ந்தது?

பதில் ஈயத்தில் இருக்கிறது. 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரிதான், பல மாற்றங்களோடு, இன்றும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருக்கிறது. 12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். ஓர் அறையில் ஈயத் தகடுகள், ஈய டை-ஆக்சைடு தகடுகள், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்க எடுக்க, இரண்டு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் உடனே ஏற்ற வேண்டும். சிமெண்டோடு பழகிய அரியலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை: கலவையாகக் கிடக்கும் சிமெண்டை அள்ளி எடுக்கலாம், விட்டுவிட்டால் பாறைதான். வேதியியல் வேறு என்றாலும் நடப்பது அதே மாதிரிதான். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் மென்மையாக இருந்த சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. வண்டி நின்றாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். திருட்டு அலாரமோ ஜிபிஎஸ் கருவியோ பொருத்தியிருந்தால் இன்னும் வேகம்.

வெயில் இதை விரட்டுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையின் பழைய கணக்கு. நம் பக்கம் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. பேருந்து நிலைய ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவரின் பேட்டரி, தகரக் கூரையின் கீழோ வெட்டவெளியிலோ பகல் முழுக்க வேகிறது. குளிர்நாட்டு வாகனக் குறிப்புகள் பனிக்காலத்தைப் பற்றியே பயமுறுத்தும். நமக்கு எதிரி சித்திரையும் வைகாசியும்.

'ஊரிலிருக்கும் தம்பியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறேனே' என்பார்கள். சின்ன வண்டியிலும் செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்ப் இழுக்கும். 60 ஆம்ப் என்று வைத்து ஐந்து நொடி அமுக்கினால் 300 ஆம்ப்-நொடி போய்விட்டது. ஐடிலில் பேட்டரிக்குள் 1 ஆம்ப் திரும்பினாலும், போனதை ஈடுகட்டவே ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு மூன்று முறை அமுக்கி, ஐந்து நிமிடத்தில் அணைத்தால் அது வாராவாரம் நடக்கும் நஷ்டம். அரை மணி நேரம் ஓட்டினால் பலன் உண்டு. முடியாவிட்டால் மைனஸ் ஒயரைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை கடையில் கொடுத்துச் சார்ஜ் போடுவது நல்லது.

பேட்டரியை மாற்றுவதற்கு முன் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். நான் ஒருமுறை ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். மூன்றாவதற்குப் போனபோது ஓர் எலக்ட்ரீஷியன் பேட்டரியைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகச் சொன்னார். முள் 15 வோல்ட்டைத் தாண்டியது. கெட்டுப்போயிருந்தது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், அதுதான் இரண்டு பேட்டரியையும் கொதிக்கவைத்துக் கொன்றிருக்கிறது. அன்றிலிருந்து எல்லோரிடமும் நான் மூன்று அளவீடுகளைச் சொல்கிறேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6-க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் சார்ஜ் தேவை. 12-க்குக் கீழே ஏறக்குறையக் காலி. செல்ஃபை அமுக்கும்போது 10-க்கு அருகில் நிற்க வேண்டும். நிறைந்த பேட்டரி அப்போது 8, 7 என்று சரிந்தால்தான் அது போய்விட்டது என்று சொல்லலாம். எஞ்சினைச் சற்று முறுக்கினால் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு வண்டியில் இருக்கிறது. புது பேட்டரி வாங்குவது வீண் செலவு.

வாங்கும்போது கம்பெனி எது என்பதைவிடத் தயாரித்த மாதம் எது என்று கேளுங்கள். எக்ஸைடுக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது, அமரான் திருப்பதிப் பக்கத்துச் சரக்கு; இரண்டும் நல்லவைதான். ஆனால் கடை அலமாரியில் ஒரு வருடம் கிடந்த மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரி, அந்த வாசலோர வண்டியின் நிலையில்தான் இருக்கும். பழைய பேட்டரி மேல் உள்ள குறியீட்டைக் குறித்துக்கொண்டு போங்கள். 12என்5-3பி என்றால் 12 வோல்ட், 5 ஆம்ப்-அவர். கடைசி எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. பிளஸ் எந்தப் பக்கம் என்பது மாறினால் ஒயர் எட்டாது. எட்டவைக்க இழுத்தால் ஃபிரேமில் உரசும். விலை குறைவு என்று 5 இருந்த இடத்தில் 2.5 வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: 5 ஆம்ப்-அவர் பேட்டரியில் இருப்பதே 60 வாட்-அவர், வீட்டு மின்விசிறியை ஒரு மணி நேரம் ஓட்டத் திணறும் அளவு. அதிலும் பாதி என்றால் என்ன மிஞ்சும்?

அமிலம் ஊற்றிப் பயன்படுத்தும் வகையை வாங்கினால் அவசரப்படக் கூடாது. ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பில், அதாவது 5 ஆம்ப்-அவருக்கு அரை ஆம்பில், முதல் சார்ஜைப் பல மணி நேரம் போட வேண்டும். ஊற்றியதும் மாட்டி அனுப்பிவிடும் கடைகள் உண்டு. அந்தப் பேட்டரி ஆயுள் முழுக்க நிறைவதே இல்லை. 'நாளைக்கு வந்து வாங்கிக்கிறேண்ணே' என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மூடி திறக்கும் பேட்டரியில் கோடையில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். குறைவது நீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் தினமும் போகிறவர்கள் பேட்டரியின் தலையையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். ஈரமான தூசி இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய மின்பாதையாகிவிடும்.

இதெல்லாம் முன்பு இவ்வளவு முக்கியமில்லை. பேட்டரி செத்தாலும் பல பழைய வண்டிகள் ஒரு உதையில் கிளம்பின. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் பெட்ரோலைத் தெளிப்பது மின் பம்ப்பும் சிறு கணினியும். பேட்டரி அடியோடு காலியானால் கிக்கரும் உதவாமல் போகலாம், தள்ளினாலும் ஓடாமல் போகலாம். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக நள்ளிரவில் வண்டியை எடுக்கும் கிராமத்துக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்கத்தான் சொல்கின்றன. கொல்லையில் உடைத்து ஈயத்தை உருக்குகிறவர்களிடம் போனால், அமிலம் வெங்காயப் பாத்திக்கும் ஈயத்தூள் அங்கே விளையாடும் பிள்ளைகளின் கைக்கும் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பைத் திருப்ப மருந்து இல்லை.