பொருநைக் கரையில் இளமை

பொதிகை மலையினின்றும் இழிந்து வரும் பொருநையாறு பாபநாசத்தில் சமநிலத்தை அடைகின்றது. அங்குள்ள அருவியையும் உலகம்மை திருக்கோயிலையும் காண வருவோர் பலர். அதனை அடுத்துள்ளது விக்கிரமசிங்கபுரம் என்னும் ஊர். கார், பிசானம் என இருபோகம் விளையும் வயல்களும், நூற்பாலையும், பெருந்துறவி ஒருவரின் பிறப்பிடம் என்னும் புகழும் இவ்வூருக்கு உரியன. ஓர் ஊரில் சிறுவர் எவ்வாறு வளர்ந்தனர் என்று அறிய விரும்புவோர்க்கு வயல், ஆலை, பள்ளி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இவ்வூர் நல்லதோர் இடமாகும்.

முதியோர் நால்வர் கூடினால், "எங்கள் காலத்துப் பிள்ளைகள் போல இக்காலத்துப் பிள்ளைகள் இல்லை" என்று உரைப்பது வழக்கம். இளைஞரோ, "அக்காலத்தில் என்ன இருந்தது? மின்விளக்குக்கூட இல்லையே" என்பர். இவ்விரு கூற்றுக்களிலும் ஓரளவே உண்மை உண்டு. இளமைக் காலத்தின் அளவே மாறிவிட்டது என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர். முற்காலத்தில் குழந்தைப் பருவம் முடிந்தவுடன் உழைப்புத் தொடங்கியது; இடையே நின்ற ஆண்டுகள் மிகச் சில. இக்காலத்திலோ அவ்விடைக்காலம் பத்து ஆண்டுகளாக நீண்டுள்ளது. இளைஞர் என்று நாம் இன்று அழைக்கும் கூட்டத்தார் பெரும்பாலும் அந்த நீட்சியில் தோன்றியவரே.

18-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் ஆனந்தக் கூத்தர், மயிலம்மையார் என்னும் இருவர்க்கு முக்களாலிங்கர் என்ற மகன் பிறந்தார். பள்ளிக்குச் சென்று வந்த இளம்பருவத்தில், ஒருநாள் வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவியர் சிலரைக் கண்டு, அவர்களை வணங்கித் தம் இல்லத்திற்கு அழைத்து வந்தார் என்றும், தந்தையார் வீட்டில் இல்லாதபோதும் தாயார் அவர்களுக்கு அன்போடு அமுது படைத்தார் என்றும் வரலாறு கூறுவர். பின்னர் அச்சிறுவர் பெற்றோரின் இசைவு பெற்று அத்துறவியருடன் சென்றார். வேலப்ப தேசிகரை ஞானாசிரியராகக் கொண்டு, தமிழும் வடமொழியும் சைவ சாத்திரமும் கற்றுத் தேர்ந்தார். அவரே சிவஞான முனிவர். சிவஞான போதத்திற்கு அவர் வரைந்த மாபாடியமும், தொல்காப்பியத்திற்கு எழுதிய முதற்சூத்திர விருத்தியும் இன்றும் அறிஞர் போற்றும் நூல்கள். அவர் 1785-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் பெரும்பாலோர் வியப்பது அச்சிறுவரின் கல்வியை. அதனினும் வியத்தற்குரியது ஒன்று உண்டு. தாம் செல்ல வேண்டிய நெறியைத் தாமே தெரிந்தெடுத்துக் கொண்டமையே அது. அக்காலத்து மற்றைச் சிறுவர்க்கு அவ்வாறு தெரிந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. உழவர் மகன் உழுதான். குயவர் மகன் சக்கரத்தைச் சுழற்றினான். கணக்கர் மகன் கணக்கு எழுதினான். "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்னும் வினாவை எவரும் எந்தச் சிறுவனிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவ்வினா அவனுக்கு விளங்கியிராது. வீட்டைத் துறந்தவர்க்கே தம் வழியைத் தாம் தேரும் உரிமை வாய்த்தது.

அந்நாளையக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடைபெற்றது. கதிரவன் எழுமுன் சிறுவர் பள்ளிக்கு வந்துவிடல் வேண்டும். முதலில் வந்தவனுக்குப் பெருமை. பின்னே வருபவர்க்கு வரிசைப்படி பிரம்படி கூடிக்கொண்டே போகும். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லுதல் முதற்பாடம். கை பழகிய பின் பனையோலையும் எழுத்தாணியும் தரப்படும். அடுத்து எண்சுவடி. இக்கால மாணவர் பின்னம் என்று படிப்பதை அக்காலச் சிறுவர் முந்திரி, காணி, மா, மாகாணி என்று பெயரிட்டு மனப்பாடம் செய்தனர். முந்திரி என்பது ஒன்றை 320 கூறு செய்ததில் ஒரு கூறு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. நெல்லை அளக்கவும், நிலத்தை அளக்கவும், வட்டி கணக்கிடவும் இவை வேண்டப்பட்டன. ஓலையும் தாளும் இன்றி மனத்தினாலேயே இவற்றைப் பெருக்கிக் கூட்டிய முதியோர் அண்மைக்காலம் வரை சிற்றூர்களில் இருந்தனர்.

மூத்த மாணவன் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அப்பள்ளிகளில் இருந்தது. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், நம் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, தம் பொறுப்பில் இருந்த ஆதரவற்றோர் பள்ளியில் அதனைக் கையாண்டார். சிறுவரே சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு ஏற்படுத்தி, 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அதனைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. திண்ணையில் பிறந்த முறை கடல் கடந்து சென்று ஏழை ஆங்கிலச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

ஆயினும் திண்ணைப் பள்ளியை அளவுக்கு மீறிப் புகழ்தலும் தகாது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-இல் அவர் தொகுத்த குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,000-க்கு மேற்பட்ட மாணவரும் இருந்தனர். மக்கள் தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம். பள்ளிக்குச் சென்ற பெண் குழந்தைகள் மிக மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவர்க்குப் பெரும்பாலும் திண்ணையில் இடம் இல்லை. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே 'எங்கள் காலத்துக் கல்வி' என்று எவரேனும் உரைப்பின், எவருடைய காலம், எவருடைய கல்வி என்று வினவுதல் நன்று.

பள்ளிக்குச் செல்லாத சிறுவர் கல்லாதவராய் இருந்தனர் என்று கொள்ளலும் பிழையாகும். வயலே அவர்க்குப் பள்ளி. ஏழெட்டு வயதில் ஆடு மாடு மேய்த்தல். விளைந்த கதிரில் பறவை வீழாமல் கவண் எறிந்து காத்தல். பன்னிரண்டு வயதில் மடை திறத்தல், அடைத்தல். பதினைந்து வயதில் ஏர் பிடித்தல் என அவர் பாடம் படிப்படியாக ஏறியது. சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் நீந்தப் பழகினர். எந்தத் துறையில் சுழி உண்டு, எந்த மாதம் வெள்ளம் வரும் என்பன அவர்க்குத் தெரியும். தேர்வு என்று ஒன்று இல்லை. மடை உடைந்தால் அதுவே தோல்வி. பதினைந்து வயதுடையவனை நம்பி ஓரிணை மாடுகளையும் ஒரு வயலையும் ஒப்படைத்தனர். அந்த நம்பிக்கை அவனை ஆளாக்கியது. ஆனால் அந்த வயல் அவனுக்குச் சொந்தமாக இருந்தது அரிது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

1880-களில் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர் பாபநாசத்து அருவியின் நீர்விசையைப் பயன்படுத்தி இங்கு நூற்பாலை அமைத்தனர். அதுவரை கதிரவனைப் பார்த்துப் பொழுதறிந்த ஊரில் ஆலைச் சங்கு பொழுதறிவித்தது. மாதந்தோறும் கூலி என்பது உழவர் குடும்பங்களுக்குப் புதுமை. மழை பொய்ப்பினும் கூலி பொய்க்காது. சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். சிற்றூராக இருந்தது ஆலைநகரம் ஆயிற்று. தந்தை தொழிலன்றி வேறு தொழில் உண்டு என்பதை இளைஞர் பலர் முதன்முதல் அறிந்தது ஆலை வாயிலிலேதான்.

அக்காலத்து இந்திய நூற்பாலைகளில் சிறுவரும் வேலை செய்தனர். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி, வெறும் பாபின்களை மாட்டுதற்குச் சிறு விரல்கள் ஏற்றவை எனக் கருதப்பட்டன. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைத்தல் ஆகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றும் இசைந்தது! 1891-இல் அவ்வயது ஒன்பதாயிற்று. வேலை நேரம் ஏழு மணியாயிற்று. 1922-இல் பன்னிரண்டு வயது. 1948-இல் பதினான்கு வயது. ஏழிலிருந்து பதினான்கை அடையச் சட்டத்திற்கு 67 ஆண்டுகள் பிடித்தன. பிறப்புப் பதிவு இல்லாத காலமாதலின், மருத்துவர் சிறுவரின் பல்லைப் பார்த்து வயதை முடிவு செய்வதும் உண்டு. மாட்டுச் சந்தையில் காணும் வழக்கம் ஆலை வாயிலிலும் நிகழ்ந்தது.

மணவயதும் இவ்வாறே மெல்ல மெல்ல உயர்ந்தது. 1929-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வரையறுத்தது. 1978-இல் அவை முறையே பதினெட்டு, இருபத்தொன்று ஆயின. ஒரு பெண்ணின் வாழ்வில் பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் எத்துணைப் பெரியவை! உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முழுதும் அந்நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். முற்காலப் பெண்ணுக்கு இளமை என்று ஒரு பருவமே இருந்ததில்லை. குழந்தையாக இருந்தாள், பின்னர்த் தாயாக இருந்தாள். அவள் பெற்ற குழந்தைகளும் எல்லாம் பிழைத்திருந்தன அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அத்தொகை 13. அம்மையும் பேதியும் ஊரை வாரிக்கொண்டு போன நாள்களைப் பொற்காலம் என்று உரைக்க எந்தத் தாயும் உடன்படாள்.

பள்ளிக்குச் சிறுவரை ஈர்த்தது சட்டம் மட்டும் அன்று, சோறும்தான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். ஆடு மேய்த்தால் ஒருவேளைக் கஞ்சி கிடைக்கும் என்று மகனை அனுப்பிய ஏழைத் தந்தைக்கு, பள்ளியிலேயே சோறு கிடைக்கும் என்பது பெரியதொரு விடை. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு எண்பதின்மர், பெண்களில் எழுபத்துமூவர்.

இனி, இக்காலத்து மாணவனை நோக்குவோம். அவன் பதினேழு வயதினன். உயர்நிலையைக் கடந்து மேல்நிலைப் பள்ளியில் பயில்கின்றான். அவன் பாட்டனார் அவ்வயதில் ஆலையில் முழு ஆளாகக் கூலி வாங்கினார். இவன் ஒரு காசும் ஈட்டவேண்டுவதில்லை. விடியலில் தனிப்பயிற்சி, பின்னர்ப் பள்ளி, மாலையில் சிறப்பு வகுப்பு. உழைப்பின் நேரத்தைக் கணக்கிட்டால், 1922-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைச் சிறுவர்க்கு வகுத்த ஆறு மணியை இவன் கடந்துவிடுகின்றான். எஞ்சிய பொழுதைக் கைப்பேசி கவர்ந்துகொள்கின்றது. அக்கருவியைப் பழிப்பது இன்று எளிய வழக்கமாகிவிட்டது. ஓடி ஆடக் களமும் காலமும் தராமல், கையில் உள்ள கருவியை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று.

இவனுடைய துன்பம் வேறு வகையினது. முற்காலத்து இளைஞனிடம் கேட்கப்படாத அந்த வினா, "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்பது, இவனிடம் நாள்தோறும் கேட்கப்படுகின்றது. உறவினர் கேட்கின்றனர், அயலார் கேட்கின்றனர். விடை சொல்லாவிடின் குற்றம். சொன்ன விடைக்கு மதிப்பெண் இசையாவிடின் பெருங்குற்றம். குலத்தொழில் என்னும் விலங்கு கழன்றது பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் தோற்றால், அக்காலத்தவன் விதியையோ மழையையோ நொந்துகொண்டான்; இவன் தன்னையே நொந்துகொள்கின்றான். அதற்கு மருந்தாக இவன் கையில் ஒரு பொறுப்பையேனும் பெரியோர் தந்துள்ளனரா எனில், அதுவும் அரிது. சட்டம் 1989 முதல் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை தந்து, நாட்டை ஆள்வோரைத் தேரச் சொல்கின்றது. வீட்டிலோ, அவன் எந்தப் பாடப்பிரிவை எடுத்துப் பயில்வது என்பதைப் பிறர் முடிவு செய்கின்றனர்.

பெண்கள் பெற்ற மாற்றம் இதனினும் பெரிது. இப்பக்கத்து வீடுகள் பலவற்றில் இக்காட்சியைக் காணலாம். பாட்டி, கையொப்பம் இடவேண்டிய இடத்தில் பெருவிரல் மையைப் பதிக்கின்றாள். பேத்தி அருகிருந்து அத்தாளைப் படித்து அதன் பொருளை அவளுக்கு உரைக்கின்றாள். பேத்தி அறிந்தவை பாட்டி கனவிலும் காணாதவை. ஆயினும் நாற்று எந்நாளில் பிடுங்கத் தக்கது, கார்நெல்லைப் புழுங்கச் செய்வது எவ்வாறு, ஆற்றில் எந்தத் துறை ஆழமானது, எந்தப் பச்சிலை எந்தப் புண்ணை ஆற்றும் என்பனவற்றைப் பாட்டி எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் சொல்லுவாள். கேட்பதற்குப் பேத்தியும் விரும்புகின்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்புவதற்குள் பாட்டி உறங்கிவிடுகின்றாள்.