வால்வு இடைவெளி

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் குருவிட்ட. அங்கிருந்து தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு ஏறியிறங்கும் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் ஓடிய எஞ்சினின் மேன்மூடியின் கீழ் ‘டிக்டிக்’ என்னும் ஓசை எழுதல் இயல்பு. அவ்வோசை முற்றாக அடங்கும்வரை திருகாணியை இறுக்குவார் உளர். அது பெருந்தவறு.

வெப்பத்தால் உலோகம் விரியும். வால்வின் தண்டு நீளும். அந்நீட்சிக்கு இடமளிக்கவே றொக்கருக்கும் தண்டின் நுனிக்கும் இடையே சிறுவெளி விடப்படுகின்றது. வெளி இல்லையேல் வால்வு முற்றாக மூடாது. புகைபோக்கும் வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் தான் அமரும் வளையத்தின் வழியாகவே இழக்கின்றது. அமராத வால்வின் விளிம்பு எரியும், அமுக்கம் கெடும், மேடேறும் வலு குன்றும்.

1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டிக்கு இவ்வெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். வால்வுகள் எட்டு. ஒன்பது என்னும் எண்ணை நினைவிற் கொள்க: எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதை அளக்க, ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை அளக்க. நட்டைத் தளர்த்தி, அளவுத் தகட்டை இடையே செலுத்தித் திருகாணியைத் திருப்புக. தகடு சிறிது உராய்ந்து நகரவேண்டும். நட்டை இறுக்கியபின் மீண்டும் அளக்க.

றொக்கரின் முகம் தேய்ந்து குழிந்திருப்பின், தட்டையான தகடு அக்குழியை அளவாது. உண்மை வெளி அளந்ததினும் மிகும். அப்பொழுது செய்யத்தக்கது றொக்கரைச் செப்பனிடுதல் அல்லது மாற்றுதல்; வெளியைக் குறைத்தலன்று. சிறிது ஒலிக்கும் வால்வு வண்டியை வழியில் நிறுத்திவிடாது. மிக இறுகிய வால்வோ ஓசையின்றியே எரிந்துவிடும்.