விருப்பச் சொல் ஒன்றின் ஆயுள்

அலுவலகத்தில் நாம் திறக்கும் கோப்பு பல வேளைகளில் நம் கணிப்பொறியில் இருப்பதில்லை. வேறோர் அறையிலுள்ள சர்வரில் இருக்கின்றது. அதனை நம்முடையதே போலக் காட்டும் முறைகளுள் ஒன்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல், ஒரு சர்வருடன் பொதுவாக ஒரே டி.சி.பி. இணைப்பின் வழியே பேசி வந்தது. விரைவு மிக்க வலையில் அவ்வொரு வழி போதவில்லை. 2019-இல் வெளியான 5.3 ஆம் பதிப்பில் 'என்கனெக்ட்' என்னும் விருப்பச் சொல் சேர்ந்தது. சர்வரை இணைக்கும் கட்டளையில் இச்சொல்லுடன் ஓர் எண்ணைக் குறித்தால் 16 வரை இணைப்புகள் திறக்கும். கோரிக்கைகள் அவற்றில் முறைவைத்துப் பங்கிடப்படும்.

சொல்லைப் படித்து எல்லையைச் சோதிக்கும் நிரல் பெரிதன்று. பெயர் சூட்டுவதில்தான் பொறுப்பு. அப்பெயரை நிர்வாகிகள் தத்தம் கணிப்பொறிகளின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துவிடுவர். பின்னர் அதனை நீக்கினால், எங்கோ ஒரு கணிப்பொறி மறுநாட் காலை தன் கோப்புகளைக் காணாது திகைக்கும். விடை வராத காத்திருப்பை இடையில் முறிக்க உதவிய 'இன்டர்' என்னும் பழஞ்சொல்லுக்கு, 2008-இல் வெளியான 2.6.25 ஆம் பதிப்பிற்குப் பின் வேலையே இல்லை. ஆயினும் கெர்னல் அதனை மறுப்பதில்லை. கேட்டுக்கொண்டு வாளா இருக்கின்றது.