வாசலில் நின்ற இரு இளைஞர்

பனவடலிசத்திரத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெங்களூரில் பணிபுரியும் மகன் வீட்டில் சில திங்கள் தங்கிவிட்டு அண்மையில் ஊர் திரும்பினார். அவரைக் காணச் சென்ற நாம் திண்ணையில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தபோது, "ஒரு நாள் சாயங்காலம் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையுமாக இரண்டு பையன்கள் வந்து கதவைத் தட்டினார்கள்" என்று தொடங்கினார்.

வந்தவர்கள் மார்மன் சபையின் மறைபரப்பாளர்கள். ஒருவர் தமிழ் இளைஞர். மற்றவர் வடகிழக்கு மாநிலத்தவர். சட்டைப் பையின்மேல் கறுப்புப் பெயர்ப் பட்டை. அதில் பெயருக்கு முன் 'எல்டர்' என்ற சொல். மூப்பர் என்பது அதன் பொருள். "மீசைகூடச் சரியாக அரும்பவில்லை, அதற்குள் மூப்பராம்!" என்று பெரியவர் சிரித்தார். காப்பி கொடுத்தபோது அவர்கள் பணிவோடு மறுத்துவிட்டார்களாம். தேநீரும் வேண்டாமாம். வீட்டுக்கு வந்தவர் காப்பியை மறுத்தால் நம் பெண்டிர் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மதுவும் புகையிலையும் போலவே காப்பியும் தேநீரும் அச்சபையில் விலக்கப்பட்டவை என்று அறிந்த பின்னரே மருமகள் சமாதானமடைந்து மோர் கொண்டுவந்தார்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இதனைத் தொடங்கினார். இன்று இதன் தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம். விவிலியத்தோடு 'மார்மன் நூல்' என்பதையும் இவர்கள் வேதநூலாகக் கொள்கின்றனர். உலகெங்கும் பணிபுரியும் இவர்களின் மறைபரப்பாளர் தொகை 2024இல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். ஆண்கள் இரண்டு ஆண்டு. பெண்கள் பதினெட்டுத் திங்கள். சம்பளம் இல்லை; தாம் சேமித்த பணத்தையும் பெற்றோர் தரும் பணத்தையும் கொண்டே பெரும்பாலும் செலவை ஈடுசெய்கின்றனர். எந்த ஊருக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்துகொள்வதில்லை. உடன் வாழும் தோழரையும் தேர்ந்துகொள்வதில்லை.

அந்தத் தோழமைதான் நம்மை வியக்கவைத்தது. நம் ஆண்டவர் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கூறுகிறதன்றோ? அதனை இவர்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கின்றனர். இருவரும் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகவே வெளியே செல்ல வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மேலிடம் மாற்றும்வரை அவரே துணை. காலை ஆறரை மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, செபம், தனியாக ஒரு நேரம் வேதவாசிப்பு, தோழரோடு சேர்ந்து மற்றொரு நேரம் படிப்பு; பிறகு வெயிலில் இறங்கித் தெருத்தெருவாக நடை. இரவு பத்தரைக்கு விளக்கணைத்தல். நெடுங்காலமாக இவர்களுக்கு இருந்துவந்த ஒழுங்கு இது; அண்மை ஆண்டுகளில் சிறிது தளர்த்தப்பட்டுள்ளது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் ஓய்வு. பெற்றோரோடு தொலைபேசியில் பேசுவதற்கு முன்பு ஆண்டில் இரண்டு நாள்களே வாய்த்தன: கிறிஸ்து பிறப்பு விழாவும் அன்னையர் நாளும். 2019 பிப்ரவரியிலிருந்துதான் வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்ந்தது.

பெரியவர் கேட்ட முதற் கேள்வி மறையைப் பற்றியதன்று. "தம்பி, அம்மாவைப் பார்த்து எத்தனை மாசமாச்சு?" என்றாராம். "பதினாலு மாசம், தாத்தா" என்று சொல்லிவிட்டு அந்தத் தமிழ்ப் பையன் சற்று நேரம் தலைநிமிரவில்லையாம்.

இச்சபையார் நம் நாட்டுக்கு வந்தது நேற்றன்று. 1852இல் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கென ஒரு குழு தெரிந்தெடுக்கப்பட்டது. அதில் இருந்த ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மனைவி மக்களை விட்டுப் புறப்பட்டுக் கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தார். கையில் பணமில்லை. சிறு நூல்கள் அச்சிட்டார், கூட்டங்கள் நடத்தினார், எதிர்ப்பையும் தாங்கினார். ஓர் ஆண்டுக்குப் பின் 1854 ஜூலையில் அவர் கப்பலேறியபோது, திருமுழுக்குப் பெற்றிருந்தவர் மிகச் சிலரே. காரணங்கள் பல இருக்கலாம். நமக்குத் தோன்றுவது ஒன்று: அவர்கள் பேசியது ஆங்கிலம், கேட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியருமே. தமிழர் வீட்டு வாசற்படியை அந்தப் பேச்சு எட்டவில்லை.

இவ்விடத்தில் நமக்குப் பனவடலிசத்திரத்தின் சுற்றுப்புறமே நினைவுக்கு வருகிறது. இதே சங்கரன்கோவில் பகுதியில்தான் குருக்கள்பட்டி இருக்கிறது. கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி. 1710இல் இந்தியாவுக்கு வந்த இத்தாலியராகிய பெஸ்கி அடிகள், முப்பதைக் கடந்த இளங்குருவாக இக்கரிசல் மண்ணில் நடந்தார். குருக்கள்பட்டியில் பிடிபட்டு உயிர் தப்பினார். அவர் கற்ற தமிழ், பின்னர்த் தேம்பாவணியாகவும் சதுரகராதியாகவும் விளைந்து, அவரை வீரமாமுனிவராக்கிற்று. மார்மன் சபையாரும் பிற்காலத்தில் மொழியின் அருமையை உணர்ந்துகொண்டனர். யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள அவர்களின் பயிற்சி நிலையத்தில் இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. சில வாரப் பயிற்சிதான். மீதியைத் தெருவே கற்பிக்கிறது.

தமிழ்நாட்டில் அவர்களின் இரண்டாம் வரலாறு ஒரு துண்டு நூலில் தொடங்கியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பவர் 1954இல் பழைய புத்தகம் ஒன்றுக்குள் கிடந்த அச்சபை வெளியீட்டைக் கண்டு சால்ட் லேக் நகருக்கு எழுதினார். 1965இல் அச்சபையில் சேர்ந்தார். 1993இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்ட மறைபரப்பு மாநிலம் அமைந்தது.

இனி, அவர்கள் கற்பிப்பது என்ன? சில பாடங்களாக வகுத்துக்கொண்டு பேசுகின்றனர். இறுதியில், நூலைப் படியுங்கள், உண்மையா என்று கடவுளையே கேளுங்கள் என்கின்றனர். தந்தை, மகன், தூய ஆவி என்ற சொற்கள் நம்முடையவை போலவே ஒலிக்கும். ஆனால் ஒரே கடவுள் மூன்று ஆட்களாய் இருக்கிறார் என்ற நம் விசுவாசத்தை அவர்கள் ஏற்பதில்லை. மூவரும் தனித்தனியானவர் என்பதே அவர்கள் போதனை. ஆகையால் அவர்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001 ஜூன் 5ஆம் நாள் தெளிவுபடுத்திற்று. மற்றப் பல சபைகளின் திருமுழுக்கை நாம் ஏற்கிறோம், இதை ஏற்பதில்லை. பையன்களின் ஒழுக்கத்தைக் குறைகூறாமலே இவ்வேறுபாட்டை நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் நேர்ந்தது. பெரியவர் எழுபதாண்டுக் கத்தோலிக்கர். பங்கு ஆலயத்தில் ஞாயிறு தவறாதவர். மூவொரு கடவுளைப் பற்றி அந்தப் பையன் பணிவாகக் கேட்டபோது, அவரால் ஒரு வாக்கியத்துக்கு மேல் விடை கூற இயலவில்லை. பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுப் பேரன், "தாத்தா, நீங்க சொல்லுங்க" என்று இருமுறை கேட்டானாம். "அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிறு வயதில் உபதேசியார் சொல்லிக்கொடுத்ததை எங்கே தொலைத்தேன் என்றுதான் இருக்கிறது" என்று நம்மிடம் சொல்லும்போது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீண்டும் வரலாமா என்று இளைஞர்கள் கேட்டதற்கு, "சாப்பிட வாங்க தம்பி, தாராளமா வாங்க. எங்களை மாத்துறதுக்குன்னா வேண்டாம்" என்று அவர் விடையளித்திருக்கிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே கைகூப்பிப் படியிறங்கினார்களாம்.

நாம் விடைபெற்றபோது பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தார். சங்கரன்கோவில் பேருந்து தொலைவில் தெரிந்ததும், "அடுத்த தடவை வரும்போது பெரிய எழுத்து ஞானோபதேசப் புத்தகம் கிடைத்தால் இரண்டு பிரதி வாங்கி வாருங்கள். ஒன்று பெங்களூருக்கு" என்றார்.