அமீபாவின் காலும் வாயும்: மரபணு அறிக்கையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உயிர்

மரபணுப் பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும், பல குடும்பங்கள் அதிலுள்ள ஒரு வரியைக் கண்டு திகைத்து நின்றுவிடுகின்றன. 'என்.எஃப்.1 மரபணுவில் பிறழ்வு காணப்படுகிறது' என்றோ, 'கே-ராஸ் பிறழ்வு உள்ளது' என்றோ அவ்வரி இருக்கும். அந்த மரபணுவின் வேலை என்ன, அது ஏன் பழுதடைந்தது, குறை யாருடையது என்னும் கேள்விகள் அப்போது எழுகின்றன. இவற்றுக்கு விடை காண்பதில், மண்ணில் வாழும் ஓர் அமீபா மருத்துவ அறிவியலுக்குத் துணைபுரிந்துள்ளது.

அமீபா என்றதும் சீதபேதியை உண்டாக்கும் கிருமியோ, மூளையைத் தாக்கும் கிருமியோ நினைவுக்கு வரலாம். இங்கே கூறப்படுவது அவற்றுள் எதுவுமன்று. டிக்டியோஸ்டீலியம் என்னும் இவ்வமீபா, காட்டில் உதிர்ந்து மட்கும் இலைகளுக்கிடையே பாக்டீரியாவை உண்டு வாழ்வது. மனிதருக்கு நோய் தராதது. அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டு மண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்த கென்னத் ரேப்பர் 1935இல் இதனை விவரித்து எழுதினார். இதன் மரபணுத் தொகுதி 2005இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 12,500 மரபணுக்கள் அதில் உள்ளன. மனிதரிடம் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. இவற்றுள் பல இரு உயிர்களுக்கும் பொதுவானவை.

ஒரே சவ்வு, இரண்டு வேலைகள்

அமீபாவுக்குக் காலும் இல்லை, வாயும் இல்லை. அதன் மேலுறையாகிய சவ்வே இரண்டாகவும் பயன்படுகிறது. சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்னும் புரதம் இழையிழையாக வளர்ந்து சவ்வை வெளியே தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்பட்ட பகுதி முன்னோக்கி நீண்டு தரையைப் பற்றினால், அது காலாகிறது. செல் ஊர்ந்து செல்கிறது. அதே பகுதி கிண்ணம்போல் வட்டமாக எழும்பி, விளிம்புகள் கூடி மூடிக்கொண்டால், அது வாயாகிறது. சுற்றியுள்ள திரவத்தில் ஒரு மிடறு உள்ளே செல்கிறது.

உணவு தீர்ந்ததும் இவ்வமீபாக்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளை வெளியிட்டு ஒன்றையொன்று அழைக்கின்றன. அழைப்பு வந்த திசையை நோக்கிய பக்கத்தில் ராஸ் முதலிய புரதங்கள் செயற்பட்டு ஆக்டினை வளரத் தூண்டுகின்றன. பின்பக்கத்தில் பிடென் என்னும் புரதம் அத்தூண்டுதலை அடக்கி வைக்கிறது. இவ்வாறு முன்புறமும் பின்புறமும் வேறுபட்டபின் செல் ஒரு திசையில் செல்கிறது. அவ்வேளையில் அது திரவம் பருகுவதைக் குறைத்துக்கொள்கிறது. ஆக்டினும் அதைத் தூண்டும் புரதங்களும் இரு வேலைகளுக்கும் பொதுவானவை ஆதலால், மிகுதியாகப் பருகும் செல்லால் நன்றாக ஊர இயல்வதில்லை.

நம் உடலிலும் இதே முறை உண்டு. காயத்தில் புகுந்த கிருமியைத் தேடி வெள்ளணுக்கள் ஊர்ந்து வருவது இவ்வாறே. வெள்ளணுக்களில் ஒரு வகையான பெருவிழுங்கு செல்கள் திரவத்தை மிடறு மிடறாகப் பருகுவதை, அமெரிக்க அறிவியலாளர் வாரன் லூயிஸ் 1931இல் எலியின் செல்களைப் படமெடுத்துக் கண்டறிந்தார்.

தடை இல்லாத வண்டி

காட்டில் வாழும் டிக்டியோஸ்டீலியம் திரவ உணவை மட்டும் பருகிச் செழிப்பதில்லை. அதற்குப் பாக்டீரியா வேண்டும். ஆனால் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட சில வகைகள் திரவத்தை மட்டுமே பருகிப் பெருகின. அவற்றில் மாறியிருந்த முக்கிய மரபணு எது என்பதை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ராபர்ட் கே என்பவரின் ஆய்வுக்குழு 2015இல் கண்டறிந்து வெளியிட்டது. அது என்.எஃப்.1. மனிதரில் பழுதடையும்போது நரம்பு நார்க்கட்டி நோயை உண்டாக்கும் மரபணுவின் இணை அது.

இம்மரபணு ஆக்கும் புரதம் ஒரு தடைக்கட்டையைப் போன்றது. செயற்பட்டுக்கொண்டிருக்கும் ராஸ் புரதத்தை அது அணைக்கிறது. அது இல்லாதபோது சவ்வில் ராஸ் செயற்படும் பரப்பு விரிகிறது, கிண்ணம் பெரிதாகிறது, மிடறும் பெரிதாகிறது. மனித செல்லில் ராஸ் அணையாமல் இருந்தால், செல் பெருகுவதற்கான ஆணை ஓயாது செல்கிறது. நரம்புகளில் கட்டிகள் தோன்றுகின்றன.

புற்றுநோய்ச் செல்லின் மிடறு

தடை சரியாக இருந்தும், ராஸ் புரதமே பழுதடைந்து அணையாமல் நிற்பதும் உண்டு. கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் கே-ராஸ் பிறழ்ந்துள்ளது. இத்தகைய செல்கள் அமீபாவைப்போல் சுற்றியுள்ள திரவத்தைப் பருகி, அதிலுள்ள புரதத்தைச் செரித்து வளர்வதை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். எலிகளில் அவ்வழியை அடைத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

இதை அறிந்ததும், 'நோயாளிக்குப் புரத உணவைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்குமே' என்ற எண்ணம் எழக்கூடும். அது தவறு. புற்றுநோய்ச் செல் பருகுவது தட்டில் இருக்கும் முட்டையையோ பருப்பையோ அன்று; உடலின் திரவங்களில் ஏற்கெனவே உள்ள அல்புமின் போன்ற புரதங்களையே. உணவைக் குறைத்தால் உடல் தன் தசையைக் கரைத்துக்கொள்ளும், நோயாளி மெலிவார், சிகிச்சையைத் தாங்கும் வலிமை குன்றும். ஆகவே மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கூறிய உணவையும் நீரையும் குறைக்காமல் கொடுங்கள்.

அறிக்கையை எவ்வாறு கொள்வது?

முதலாவதாக, பிறழ்வு எங்குள்ளது என்று கேளுங்கள். கட்டியில் மட்டும் காணப்படும் கே-ராஸ் பிறழ்வு, வாழ்நாளில் அந்தச் செல்களில் நேர்ந்தது. அது பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. என்.எஃப்.1 பிறழ்வு பிறவியிலேயே உடலெங்கும் இருக்கலாம். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் பாதிப்பேருக்குப் பெற்றோரிடமிருந்து வந்தது. மறுபாதிக்குப் புதிதாக நேர்ந்தது. கருவுற்ற காலத்தில் தாய் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணமன்று. இந்நோய் உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு பாதி. எனவே குழந்தை பெற எண்ணுவோர் மரபணு ஆலோசனை பெறுவது நலம்.

இரண்டாவதாக, தொடர் கண்காணிப்பைத் தவறவிடாதீர்கள். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ புள்ளிகள் உள்ள குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் கண், இரத்த அழுத்தம், முதுகெலும்பு ஆகியவற்றைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். பழைய கட்டி விரைந்து வளர்ந்தாலோ, புதிதாக வலித்தாலோ, கெட்டியானாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

மூன்றாவதாக, தடை பழுதடைந்த இடம் தெரிந்தால், அதற்கு அடுத்த படியில் மருந்து இடலாம். ராஸ் அனுப்பும் ஆணையை வழியில் மறிக்கும் செலுமெடினிப் என்னும் மருந்துக்கு, அறுவையால் அகற்ற இயலாத நரம்புக் கட்டிகளையுடைய குழந்தைகளின் சிகிச்சைக்காக அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்தாது; தங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரே கூற இயலும்.

அறிக்கையில் எழுதப்பட்ட மரபணு, நோயைத் தருவதற்காக உண்டானதன்று. மண்ணில் ஊரும் அமீபா முதல் மனிதர் வரை, செல்லின் ஊக்கத்தை அளவோடு நிறுத்தி வைக்கும் பழமையான பொறுப்பு அதனுடையது. அப்பொறுப்பில் எங்கே தடை நேர்ந்துள்ளது என்பதையே அவ்வரி கூறுகிறது. அடுத்த முறை வரும்போது அறிக்கையைத் தவறாமல் கொண்டுவாருங்கள். புரியாத வரியைச் சுட்டிக்காட்டித் தயங்காமல் கேளுங்கள்.