150 கி.மீ. பக்கமா, தூரமா?

பஹ்ரைன் விமான நிலையத்துல இருந்து தோஹாவுக்கு நேர்க்கோட்டுல சுமார் 150 கி.மீ. வானத்துல அரை மணி நேரம்தான். ஆனா 2017 ஜூன்ல கத்தாரோட பஹ்ரைன், சவுதி, அமீரகம், எகிப்து உறவை முறிச்சதும் அந்த நேரடி விமானம் நின்னுபோச்சு. குவைத் வழியா சுத்தினா கிட்டத்தட்ட 1,000 கி.மீ., மஸ்கட் வழியா 1,500.

அட்சரேகை, தீர்க்கரேகையை வச்சு நான் எழுதுற கோடுக்கு இதெல்லாம் தெரியாது. அது எப்பவும் 150-ன்னுதான் சொல்லும். கிராஃப்ல ரெண்டு நோடு பக்கத்துல இருந்தா போதாது, நடுவுல எட்ஜ் வேணும். 2021 ஜனவரியில் அல்-உலாவில் சமரசம் ஆச்சு. இந்த எட்ஜ் திரும்பினது 2023 மே 25-லதான்.

அண்ணன் தோஹாவுல, தங்கச்சி பஹ்ரைன்லன்னு இருந்த குடும்பங்களுக்கு அது கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதனால ஆப் எழுதுறவங்க தூரத்தைக் காட்டாதீங்க மக்களே. போய்ச் சேர எவ்ளோ நேரமாகும்னு காட்டுங்க.